பத்து நொடிக்கான டயர்

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில் விடியற்காலை எதிர்ப்படும் வண்டிகளைப் பார்த்தாலே அந்த ஏரிக்கரை ஊர்களின் பிழைப்பு விளங்கிவிடும். பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய டி.வி.எஸ். எக்ஸ்.எல்., இறால் கூடை ஏற்றிய ஷேர் ஆட்டோ, நண்டு எடுக்க வந்த மினி வேன், கூடையோடு பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்கள். உருகும் ஐஸ் தண்ணீர் தார்மேல் கோடு போட்டுக்கொண்டே போகும். ஓரமெல்லாம் மணல். ஐப்பசி பிறந்துவிட்டால் பள்ளம் கண்ட இடமெல்லாம் தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியையும் பறவைகளையும் பார்க்கச் சென்னையிலிருந்து வரும் கூட்டத்தில் வேகப் பிரியர்களும் உண்டு. இன்ஜினில் வேலை பார்த்து, சைலன்ஸரை மாற்றி, கடைசியாக டயரில் வந்து நிற்பவர்கள். பந்தயத் திடலுக்கென்றே செய்த டிராக் டயரை அன்றாடம் தெருவிலும் ஓட்டினால் என்ன என்பது உலகெங்கும் அவர்களை விடாத ஆசை. மெக்கானிக்கிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது. தீங்கு செய்யும் எண்ணமே இல்லாதவன் கையால் தீங்கு நேர்ந்தால் பழி யாருக்கு? எண்ணம் இல்லை, ஆனால் நேரக்கூடும் என்று முன்பே தெரியும் என்றால்? சமணமும் பௌத்தமும் சைவமும் இதைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் யோசித்திருக்கின்றன. அவை எடுத்துக்கொண்ட உதாரணங்களில் பாதி, பாதையில் நடந்தவை.

முதலில் டயர்.

டிராக் பந்தயம் 402 மீட்டர் நேர்க்கோட்டு ஓட்டம். வளைவு கிடையாது. மழை வந்தால் பந்தயமே நின்றுவிடும். நல்ல பந்தய பைக் ஒன்று பத்து நொடியில் கோட்டைத் தொட்டுவிடும். அந்தப் பத்து நொடிக்குள், இன்ஜினின் முழு வலுவும் பின்சக்கரம் தரையைத் தொடும் உள்ளங்கையளவு இடத்தின் வழியாக மட்டுமே வெளியேறியாக வேண்டும். அதனால்தான் டிராக் டயர் அப்படி இருக்கிறது. மேல்பரப்பில் பட்டன் கிடையாது. எவ்வளவு ரப்பர் தரையில் படுகிறதோ அவ்வளவு கிரிப். ரப்பரோ பிசுபிசுக்கும் அளவுக்கு மென்மையானது. காருக்கான டயராக இருந்தால் பக்கச் சுவரும் மெல்லியதாக இருக்கும், காற்றைப் பாதியாகக் குறைத்து ஓட்டுவார்கள், கிளம்பும் கணத்தில் அந்தச் சுவர் சுருங்கி மடங்கித் தரையைக் கவ்வும். ஓடும் முன் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழலவிட்டுப் புகை கிளப்புவதும் வேடிக்கைக்காகச் செய்வதில்லை. சூடேறினால்தான் அந்த ரப்பர் வேலை செய்யும். பெரிய திடல்களில் தரைக்கும் பிசின் போன்ற கரைசல் தெளித்து வைத்திருப்பார்கள். ஆக, டயர் பாதி வேலை செய்கிறது, திடல் மீதி வேலையைச் செய்கிறது. தெருவுக்கு வரும்போது அந்த மீதி கூட வருவதில்லை.

தெருவிலும் ஓட்டலாம் என்ற அனுமதியோடு, பெயருக்குச் சில கோடுகள் வெட்டி விற்கப்படும் வகையும் உண்டு. மிக்கி தாம்ப்சன், நிட்டோ, ஹூசியர் போன்ற நிறுவனங்கள் செய்பவை. அமெரிக்காவில் டயரின் பக்கவாட்டில் தேய்மான எண் ஒன்றைப் பொறிக்க வேண்டும். சாதாரணக் கார் டயரில் அது 300 முதல் 600 வரை இருக்கும். இந்த வகையில் சிலவற்றில் பூஜ்யம்தான் பொறித்திருக்கிறது. ஈரச் சாலையிலும் கடுங்குளிரிலும் இவற்றை நம்ப வேண்டாம் என்று செய்பவர்களே எச்சரிக்கிறார்கள். இந்த எச்சரிக்கையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரையின் வழக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கப் போகிறது.

டயர் தொழிலில் இருப்பவர்கள் மாய முக்கோணம் என்று ஒன்றைச் சொல்வார்கள். ஈரத்தில் கிரிப், நீண்ட உழைப்பு, எளிதாக உருளும் தன்மை. மூன்றில் ஒன்றை இழுத்துப் பிடித்தால் மற்றது விட்டுப்போகும். 1990களில் ரப்பரில் கரிக்குப் பதிலாகச் சிலிக்கா கலக்கத் தொடங்கியபோது முக்கோணம் சற்றுப் பெரிதானது, ஆனால் மறையவில்லை. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கி, 1952இல் டயருக்கு மேல்தோல் போடும் ரப்பருக்கு வந்து, 1961இல் டயரே செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். முதல் இன்றைய ஐரோப்பிய நிறுவனங்கள் வரை எல்லோரும் இந்த முக்கோணத்துக்குள்தான் உழைக்கிறார்கள். டிராக் டயர் இந்தப் பேரத்திலேயே இல்லை. உலர்ந்த, சூடான, நேரான பத்து நொடிகளுக்காக மூன்று மூலைகளையும் விற்றுவிட்ட டயர் அது.

தண்ணீரில் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் விமானச் சக்கரங்கள் ஈர ஓடுதளத்தில் ஏன் வழுக்குகின்றன என்று சோதித்தார்கள். ஒரு வேகத்துக்கு மேல் டயர் தரையை விட்டுவிட்டுத் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்குகிறது. அதன்பின் பிரேக்கும் பயன்படாது, ஸ்டியரிங்கும் பயன்படாது. அந்த வேகம் முதன்மையாகக் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். அவர்கள் சூத்திரப்படி 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள கார் டயர் மணிக்கு சுமார் 94 கிலோமீட்டரில் மிதக்கும். கிரிப்புக்காகக் காற்றை 16 ஆகக் குறைத்தால் சுமார் 67 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். இது டயரின் கோடுகள் தாங்கும் ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும்போது நடப்பது. நல்ல பட்டன் உள்ள டயர் மெல்லிய தண்ணீர்ப் படலத்தை வாரி வெளியே தள்ளிவிடும். கோடே இல்லாத டயருக்கு அந்தப் படலமே போதும், ஒரு சாதாரண ஐப்பசித் தூறலே போதும். சென்னைக்கும் அதன் வடக்கிலுள்ள இந்தக் கரைக்கும் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்தில் கொட்டிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்துபோன வழி இது.

"என் பணம், என் வண்டி, என் உயிர். விழுந்தால் நான்தானே விழப்போகிறேன்?" இப்படிக் கேட்பவர்கள் உண்டு. இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. தன்னை மட்டுமே தொடும் செயலில் பிறர் தலையிடக் கூடாது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதியது இன்றும் வலுவான கோட்பாடு. கடலுக்குத் தனியே போகும் மீனவர் எடுக்கும் ஆபத்தை யாரும் ஒழுக்கக்கேடு என்று சொல்வதில்லை. ஆனால் சாலை அப்படிப்பட்ட இடமா? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதிலும் இறந்தவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். எந்த வண்டியிலும் ஏறாதவர்கள், எந்த டயரையும் தேர்ந்தெடுக்காதவர்கள். திருப்பாலைவனம் சாலை ஓரத்தில் கூடையோடு நிற்கும் பெண் அந்த வரிசையில் நிற்கிறார். தன் உயிரைப் பணயம் வைக்கிறேன் என்று சொல்பவர் அவர் உயிரையும் சேர்த்தே மேசையில் வைக்கிறார். ஒருமுறைகூட அவரைக் கேட்டதில்லை.

சரி, கொல்லும் எண்ணம் இல்லையே?

இங்கேதான் பௌத்தத்தின் பழைய கதை ஒன்று வருகிறது. தம்மபதத்தின் முதல் பாட்டுக்கு உரை சொல்லும் கதை. சக்குபாலர் என்ற முதிய துறவி, பார்வை போனவர், ஜேதவனத்தில் தங்கியிருந்தார். ஓரிரவு மழை பெய்தது. மழைக்குப் பின் ஈர மண்ணில் பூச்சிகள் வெளிப்பட்டிருந்தன. அவர் வழக்கம்போல நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்து தியானம் செய்தார். காலையில் பார்த்தால் பாதையெங்கும் நசுங்கிய உயிர்கள். மற்றத் துறவிகள் புத்தரிடம் முறையிட்டார்கள். அவர் கொல்வதை நீங்கள் பார்க்காதது போலவே அந்த உயிர்களை அவரும் பார்க்கவில்லை, கொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை என்று புத்தர் சொல்லிவிட்டார். எண்ணமே வினை என்பது பௌத்தத்தின் அடிப்படை.

சமணர்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர்களுடைய பழைய ஆகமமான சூத்திரகிருதாங்கம், எண்ணமே எல்லாம் என்றால் ஆளைத் தானியக் குவியலென்று நினைத்துச் சுட்டால் பாவமில்லை, சுரைக்காயைக் குழந்தையென்று நினைத்துச் சுட்டால் பாவமா என்று பௌத்தர்களைக் கேலியாகக் கேட்கிறது. இந்த வாதம் வடக்கோடு நிற்கவில்லை. தமிழிலேயே நீலகேசி என்ற சமணக் காப்பியம் பௌத்தர்களோடும் ஆசீவகர்களோடும் முகத்துக்கு முகம் வாதாடுகிறது.

ஆனால் சமணம் சொன்ன மாற்று வெறும் கேலியோடு முடிந்துவிடவில்லை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குச் சொல்லும் வரையறை வியக்க வைக்கும் அளவுக்குக் கூர்மையானது. உயிர் போவது மட்டும் இம்சையாகிவிடாது. கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர் போவதே இம்சை. எண்ணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றை, அசட்டையை, அது கண்டுபிடித்துப் பெயர் சொல்லி நிறுத்துகிறது. கவனமாக நடந்தும் காலடியில் ஓர் உயிர் போனால் பழி ஒட்டாது. அசட்டையாக நடந்து ஓர் உயிரும் சாகாவிட்டாலும் பழி ஒட்டும் என்பது வரை உரையாசிரியர்கள் போகிறார்கள். விபத்து நடக்காத நாளிலும் தவறு தவறுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான தருக்கம் கிடைப்பது அரிது. "இரண்டு வருஷமா ஓட்டறேன், ஒண்ணும் ஆகலையே" என்கிற வாதம் இங்கே நொறுங்கிவிடுகிறது.

அந்தக் கவனத்துக்கு சமணம் விதியும் வகுத்தது. துறவி நடக்கும்போது நுகத்தடி நீளத்துக்கு முன்னே தரையைப் பார்த்து நடக்க வேண்டும். ஈரியா சமிதி என்பது அந்த நோன்பின் பெயர். உலகில் எழுதப்பட்ட சாலை விதிகளில் மிகப் பழையவற்றுள் அதையும் சேர்க்கலாம். மழைக்காலம் நான்கு மாதமும் பயணமே வேண்டாம், ஓரிடத்தில் தங்கிவிடு என்பது அடுத்த விதி, ஏனென்றால் மழையில் தரை உயிர்களால் நிறைந்துவிடும். எண்ணத்தையே முதன்மையாகப் பேசிய பௌத்தமும் இந்த இடத்தில் சமணத்தோடு சேர்ந்துகொள்கிறது. மழையிலும் ஊர் சுற்றிப் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்களே என்று மக்கள் முணுமுணுத்ததால்தான் புத்தர் மழைக்கால வாசத்தை ஏற்படுத்தினார் என்று வினய நூல் சொல்கிறது. மழை வந்தால் பாதையின் தன்மை மாறுகிறது, ஆகவே நடப்பவனின் கடமையும் மாறுகிறது. இதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சென்னையிலிருந்து பொன்னேரிக்கு வருபவர்கள் கடக்கும் புழலில் சமணர்களின் ஆதிநாதர் கோயில் இருக்கிறது. மழை மாதங்களில் சமணத் துறவிகள் ஊர்விட்டு ஊர் போகாமல் ஓரிடத்தில் தங்குவது இன்றும் நடைமுறை.

சக்குபாலர் கதையை டிராக் டயர்க்காரர் தன் பக்கம் சாட்சிக்கு அழைக்க முடியுமா? முடியாது என்றுதான் தோன்றுகிறது. சக்குபாலர் பார்வையற்றவர், பாதையில் பூச்சி இருப்பது தெரியாது. டயர்க்காரருக்குப் பக்கவாட்டில் எண் பொறித்துக் கொடுத்திருக்கிறார்கள், எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறார்கள். பழவேற்காட்டுக் கரையில் மாதாகுப்பம் போன்ற கிறிஸ்தவ மீனவர் குப்பங்களும் உண்டு. அவர்கள் வேதத்தில் யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் இந்த வேறுபாட்டை நேரடியாகவே சட்டமாக்குகிறது. ஒருவனுடைய மாடு ஒரு மனிதனை முட்டிக் கொன்றால் மாட்டுக்குத் தண்டனை, சொந்தக்காரன்மேல் குற்றமில்லை. ஆனால் அது முன்பே முட்டும் பழக்கமுள்ள மாடு, சொந்தக்காரனுக்கு எச்சரிக்கையும் சொல்லியாயிற்று, அவன் கட்டி வைக்கவில்லை என்றால் பழி அவன் தலையில். பக்கவாட்டில் பூஜ்யம் பொறித்த டயர் எச்சரிக்கை சொல்லப்பட்ட மாடு.

தமிழர்களுக்கு இந்தப் பேச்சில் மனுநீதிச் சோழன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாகவும் நிற்கிறான். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லும் முறையைக் கவனித்தால் ஒன்று தெரியும். இளவரசன்மேல் எந்தப் பழியும் ஒட்டாதபடி அவர் பார்த்துப் பார்த்துக் கதையை அமைக்கிறார். கன்று தானாகத் துள்ளி வந்து அவன் தேர்ச் சக்கரத்தில் விழுகிறது. இளவரசன் கண்டு பதறுகிறான், தந்தை காதுக்கு எட்டும் முன் பரிகாரம் தேடி அந்தணர்களிடம் ஓடுகிறான். அமைச்சர்களும் பரிகாரம் போதும் என்கிறார்கள். அரசன் கேட்பது ஒரே கேள்வி: என் மகன் கொன்றால் பரிகாரம், வேறொருவன் கொன்றால் தண்டனை என்பது நீதியா? கன்றை இழந்த தாய்ப்பசுவின் பக்கத்திலிருந்து அவன் பார்க்கிறான். அங்கிருந்து பார்த்தால் ஓட்டியவனின் மனம் தெரிவதில்லை, கன்று இல்லாததுதான் தெரிகிறது.

இதே கதையை இலங்கையின் பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம், அனுராதபுரத்தை 44 ஆண்டு ஆண்ட சோழநாட்டு எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கிறது. அதில் இன்னொரு நிகழ்ச்சியும் வருகிறது. தமிழ்நாட்டில் அது அதிகம் பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டியது. துறவிகளை அழைக்கச் சேதியகிரிக்குத் தேரில் போன எல்லாளனின் நுகத்தடி முனை ஒரு தூபியில் இடித்துச் சேதப்படுத்திவிட்டது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் அமைச்சர்கள் சொன்னதும் தேரிலிருந்து இறங்கி, பாதையிலேயே படுத்து, என் தலையையும் இந்தச் சக்கரத்தால் துண்டியுங்கள் என்றான். அமைச்சர்கள் மறுத்தார்கள். எங்கள் ஆசான் பிறருக்குத் தீங்கு செய்வதை விரும்பமாட்டார், தூபியைச் செப்பனிட்டு மன்னிப்புப் பெறுங்கள் என்றார்கள். பெயர்ந்தவை 15 கற்கள். அவற்றை மீண்டும் பதிக்க அவன் செலவிட்டது 15,000 காசு. எதிரி இனத்து அரசனாக அந்த நூல் கருதும் ஒருவனைப் பற்றி, எண்ணமே வினை என்று நம்பும் மரபைச் சேர்ந்தவர்கள், நினையாமல் செய்ததற்கும் அவன் ஈடு செய்தான் என்று மெச்சி எழுதியிருக்கிறார்கள்.

மனுநீதிச் சோழன் மகனைத் தேர்க்காலில் இட்ட நீதி இன்றைய மனிதருக்கு ஆகாது, ஆகவும் வேண்டாம். ஆனால் அந்த 15 கற்களின் நீதி ஆகும். எண்ணமில்லாமல் நேர்ந்தாலும் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பைத் தலைவெட்டால் தீர்க்க முடியாது, சரிசெய்தே தீர்க்க வேண்டும். நேர்ந்த பிறகு சரிசெய்ய முடியாத சேதமும் இருப்பதால், நேரும் முன்பே சரிசெய்துவிடுவது அதைவிட நல்லது. டயர்க் கடையில் நிற்கும்போது எடுக்கும் முடிவுக்கு இவ்வளவு கனம் இருக்கிறது.

"விதி இருந்தா புல் தடுக்கியும் சாவான்" என்று பேச்சை முடித்துவிடுபவர்களும் உண்டு. எல்லாம் நியதிப்படி என்று முழுமூச்சாக வாதாடிய ஆசீவகர்கள் இந்த மண்ணில் வாழ்ந்தவர்களே. வள்ளுவரும் ஊழுக்கென்று ஓர் அதிகாரம் வைத்தார், ஆனால் விடாமுயற்சிக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். நடைமுறையில் எந்தத் தமிழரும் முழு ஊழ்வாதியாக வண்டி ஓட்டுவதில்லை. புது வண்டியைச் சென்னை பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோய் மாலை போட்டுச் சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் எடுக்கிறார்கள். எல்லாம் முன்பே எழுதியாயிற்று என்று நம்பினால் எலுமிச்சைக்கு வேலையே இல்லை. அந்தச் சடங்கில் அழகான ஒன்று இருக்கிறது, எத்தனையோ உறுப்புகள் உள்ள வண்டியில் அது தொடுவது தரையும் ரப்பரும் சேரும் இடத்தை. ஆனால் வேண்டுதல் பெரும்பாலும் ஓட்டுபவருக்காக மட்டுமே அமைந்துவிடுகிறது. எதிரில் வருபவருக்கும் அதில் ஒரு பங்கு இருக்க வேண்டும். பாதையிலிருந்து இடர் தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபிமொழி உண்டு. அதை அறிந்த மரைக்காயர் குடும்பங்கள் பழவேற்காட்டில் நூற்றாண்டுகளாக வாழ்கின்றன.

இதெல்லாம் வேகத்துக்கு எதிரான பேச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உச்சத்தைத் தொட நினைப்பது மனிதருக்கு இயல்பு, அதில் ஓர் அழகும் இருக்கிறது. இந்த வட்டாரமே அதற்குச் சாட்சி. பொன்னேரி போகும் வழியிலுள்ள சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல பத்தாண்டுகள் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் திடல் வந்தது. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டம் எரிவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ராக்கெட் ஏவும் நாளில் குறிப்பிட்ட கடற்பகுதிக்குப் போக வேண்டாம் என்று பழவேற்காட்டு மீனவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். ஒரு நாள் வருமானம் போகிறதே என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் உச்சமான ஒன்றைச் செய்யும் முன் அதன் எதிரில் இருப்பவர்களை விலக்கிவைக்க வேண்டும் என்ற முறை அங்கே காப்பாற்றப்படுகிறது. பந்தயத் திடலின் வேலியும் அதையே செய்கிறது. டிராக் டயரைத் தெருவுக்குக் கொண்டு வருபவர் அந்த வேலியைத் திடலிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

திறன் மிகுந்த கருவியைப் பொது இடத்தில் பயன்படுத்தலாமா என்ற கேள்வி இந்த மீனவர் குப்பங்களுக்குப் புதிதே இல்லை. அதற்கு அவர்கள் தத்துவ நூல் எழுதவில்லை, ஏற்பாடு செய்தார்கள். பழவேற்காடு ஏரியில் பாடு என்றொரு முறை தலைமுறைகளாக இருந்து வருகிறது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் வளம் மிகுந்த இடங்களில் சுற்றுவலை கட்டும் உரிமை யாருக்கும் நிரந்தரமில்லை. உரிமையுள்ள தலைக்கட்டுகளுக்கு முறைவைத்துச் சுழலும். இன்று இந்த இடம் உனக்கு, நாளை வேறொருவருக்கு. எந்த இடத்தில் எந்த வலை என்பதும் அந்த ஏற்பாட்டுக்குள் அடங்கும். பாடு உரிமை எல்லாச் சாதியாருக்கும் எல்லாக் குப்பத்தாருக்கும் கிடைத்ததில்லை. அந்தக் குறையைப் பற்றி ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள், கரையிலும் சண்டை நடந்திருக்கிறது. குறையோடு சேர்த்துப் பார்த்தாலும், அதிகம் பிடிக்க முடிவதால் மட்டும் பிடித்துவிடக் கூடாது என்ற எண்ணம் அதன் வேரில் இருக்கிறது.

கடலிலும் இதே வழக்கு நடந்தது. சுருக்குமடி வலை ஒரு மீன்கூட்டத்தையே வளைத்து அடியில் சுருக்கி மொத்தமாக அள்ளிவிடும். கருவி என்ற அளவில் அதற்கு ஈடில்லை. தமிழ்நாடு அரசு 2000இல் அதைத் தடை செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஜனவரியில் இடைக்கால உத்தரவு வந்தது: கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பகல் நேரத்தில். சரியா தவறா என்று கரையில் இன்னும் இரண்டு கட்சி. ஆனால் உத்தரவின் வடிவம் பொருள் நிறைந்தது. வலையை நல்லது என்றோ கெட்டது என்றோ அது சொல்லவில்லை. எங்கே, எப்போது, யாருக்கு அப்பால் என்று சொல்கிறது.

டிராக் டயருக்கும் அதுவே பொருந்தும். மேலை நாட்டுப் பந்தயக்காரர்களில் கவனமானவர்கள் செய்வது இதுதான்: திடலுக்குத் தெரு டயரில் போவார்கள், டிராக் டயர்களை வண்டிக்குள் ஏற்றிப் போய் அங்கே மாட்டுவார்கள், ஓடி முடித்ததும் கழற்றி மீண்டும் தெரு டயரை மாட்டித் திரும்புவார்கள். அரைமணி நேர வேலை. அன்றாடத்துக்குச் சற்றுக் கூடுதல் கிரிப் வேண்டுமென்றால், ஆழமான கோடுகளோடு ஈரத்திலும் நிற்கும் மென்ரப்பர் டயர்கள் கடையில் உண்டு. அவை சீக்கிரம் தேயும், அந்தச் செலவை ஓட்டுபவரே ஏற்கிறார், நியாயம்தான். மழை மாதத்தில் அதற்கும் ஒரு படி கீழே இறங்கி யோசிப்பது மேல்.

இதோடு விஷயம் முடிந்துவிட்டால் எளிது. ஆனால் அதே திருப்பாலைவனம் சாலையில் கோடு இல்லாத டயர் இன்னொன்றும் ஓடுகிறது. மீன் விற்பவரின் மொபெட்டில் தேய்ந்து மொட்டையான டயர். மழைத் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94ஆம் விதிக்கும் அப்படியே: காருக்கு 1.6 மில்லிமீட்டர், இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏன் இல்லை என்று விதி கேட்காது. உமாசுவாதி கேட்பார். ஒருவர் வேண்டுமென்றே காசு கொடுத்து வாங்கிய வழுவழுப்பு. மற்றவருடையது வாங்கக் காசில்லாமல் வந்த வழுவழுப்பு. முதலாவதை அசட்டை என்று தயங்காமல் சொல்லலாம். இரண்டாவதை ஓட்டுபவரின் அசட்டை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. ஒரு ஜோடி இறக்குமதி டிராக் டயரின் விலையில் அந்தக் கரையில் பல மொபெட்டுகளுக்குப் புது டயர் போட்டுவிடலாம்.

2020இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் ஐஸ் பெட்டியோடு கூடிய மோட்டார் சைக்கிளுக்கு மானியம் உண்டு. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். வலையைப் போல, படகைப் போல, வண்டியும் தொழில் கருவிதான் என்று அரசு ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம். ஐஸ் தண்ணீரும் உப்பும் மணலும் பாரமும் சேர்ந்து டயரைத் தேய்த்த பின் அடுத்த ஜோடி யார் பொறுப்பு? மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக, ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்பாக, மீன் வண்டிகளுக்கு மானிய விலையில் ஒரு ஜோடி டயர் கொடுக்கலாம். வாங்கும்போதே பழைய டயரைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், மொட்டை டயர் வேறொரு ஏழையின் வண்டிக்குப் போய்ச் சேராமலிருக்கும். எல்லாளன் பதித்த கற்களைவிட இதற்கு அதிகம் செலவாகாது.